கடைச் சுவரில் வரைந்த படம் போக்கிஸ்டாப் ஆகுமா?

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் போக்கிமான் கோ என்ற போன் விளையாட்டை ஆடுகிற நாலு பேர் சேர்ந்தால் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். பாத்திரக் கடை போர்டில் அவ்வளவு அழகாகக் குத்துவிளக்கு வரைந்திருக்கிறார்களே, அதை விளையாட்டு வரைபடத்தில் ஓர் இடமாக, அதாவது போக்கிஸ்டாப்பாக, சேர்க்கச் சொல்லி அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்களா? "கையால வரஞ்சதுதானே, அது கலை, தாராளமா போடு" என்பார் ஒருத்தர். "கடை விளம்பரத்தையெல்லாம் எடுக்க மாட்டாங்க, வீண் வேலை" என்பார் இன்னொருத்தர். இரண்டு பேரும் பாதி சரி. அதனால்தான் இந்த வாதம் முடிவதே இல்லை. ஒருத்தர் ஏற்கப்பட்ட ஒரு சுவரோவியத்தைக் காட்டுவார், மற்றவர் தள்ளப்பட்ட ஒரு போர்டைக் காட்டுவார், டீ ஆறிப்போகும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று என்னவென்றால், "இது கலையா?" என்று விளையாட்டு மொட்டையாகக் கேட்பதே இல்லை. அது கேட்கும் கேள்விகள் வேறு. அவை என்னென்ன என்பதைப் புதிதாக ஆட வந்தவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## வரைபடத்தில் இருக்கும் புள்ளி எங்கிருந்து வருகிறது

போக்கிமான் கோ 2016 ஜூலையில் வந்தது. அதற்கு முன்பே, 2012 நவம்பரில், அதை உருவாக்கிய நயான்டிக் நிறுவனம் இன்கிரெஸ் என்றொரு விளையாட்டைச் சோதனை முறையில் விட்டிருந்தது. (2025-இல் போக்கிமான் கோ ஸ்கோப்லி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, அது தனிக் கதை.) இரண்டுமே வீட்டில் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் இல்லை, போனை எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். நிஜத்தில் கோயிலோ சிலையோ நூலகமோ பூங்காவோ இருக்கிற இடத்தில், போன் வரைபடத்திலும் ஒரு புள்ளி இருக்கும். போக்கிமான் கோவில் அது போக்கிஸ்டாப் அல்லது ஜிம், இன்கிரெஸில் போர்ட்டல். பெயர் எதுவானாலும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் நிஜ இடத்துக்குப் பொதுப்பெயர் வேஸ்பாட். இனி அந்தச் சொல்லையே வைத்துக்கொள்வோம்.

வேஸ்பாட்களைப் பெரும்பாலும் சேர்ப்பது ஆடுகிறவர்களேதான். குறிப்பிட்ட லெவலைத் தொட்ட ஒருவர், தன் ஊரில் உள்ள ஓர் இடத்தைப் படம் பிடித்து, பெயரும் நாலு வரி விவரமும் எழுதி அனுப்பலாம். இதற்கு நாமினேஷன் என்று பெயர். அது வேஃபேரர் என்ற தளத்துக்குப் போகும், 2019-இல் வந்த தளம் அது. அங்கே ஒரு சின்னத் தேர்வு எழுதித் தேறிய மற்ற ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்து முடிவு சொல்வார்கள். அவர்கள்தான் ரிவியூவர்கள். சிலவற்றை நிறுவனமே நேரடியாகத் தீர்த்துவிடுவதும் உண்டு.

இந்த ரிவியூவர் யார் என்பதை மனதில் வைத்துக்கொள்வது முக்கியம். அவர் உங்கள் தெருக்காரராக இருக்கலாம், அல்லது கோயம்புத்தூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது போனை நோண்டிக்கொண்டிருக்கிற ஒருவராக இருக்கலாம். அவர் அந்தச் சுவர் முன்னால் நின்றதில்லை. உங்கள் இரண்டு போட்டோவும் எழுத்தும் மேலிருந்து தெரியும் வரைபடமும்தான் அவருக்கு எல்லாமே. "நேரில் பார்த்தா எவ்வளவு நல்லாருக்கும் தெரியுமா" என்ற பேச்சு அங்கே செல்லாது.

அவர் முன் இருக்கும் கேள்விகள் ஏறக்குறைய இவை: பொருத்தமான இடமா? பாதுகாப்பாக நடந்து போய்ச் சேர முடியுமா? கொடுத்த விவரம் சரியா? நிலையானதா, தனித்துவம் உள்ளதா? அதற்கப்புறம் இன்னும் மூன்று. சுற்றிப் பார்க்கத் தகுந்ததா, உடற்பயிற்சிக்கு உதவுமா, நாலு பேர் கூடிப் பழகுகிற இடமா? முதல் வரிசையில் உள்ள எல்லாவற்றிலும் தேற வேண்டும். கடைசி மூன்றில் ஏதாவது ஒன்று போதும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆடுகிறவர் அனுப்புகிறார், இன்னொரு ஆடுகிறவர் பார்க்கிறார், அவர் கையில் இருக்கும் கேள்விப் பட்டியலில் "கலையா" என்பது தனிக் கேள்வியாக இல்லை.

## கோலத்தை வைத்துப் பார்த்தால் சுலபம்

மார்கழியில் வாசலில் போடுகிற கோலத்தைக் கலை இல்லை என்று யாராவது சொன்னால் நம் ஊரில் அடி விழும். சரி, அதை வேஸ்பாட்டாகப் போட முடியுமா? அரிசிமாவில் போட்டது சாயங்காலத்துக்குள் மிதிபட்டு, மறுநாள் சாணத் தண்ணீரோடு போய்விடும். கலைதான், ஆனால் நிலையானது இல்லை. ஸ்டிக்கர் கோலம்? அது வருஷக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அதே டிசைன் ஊர் ஊராகக் கட்டுக் கட்டாக விற்கிறது. நிலையானது, தனித்துவம் இல்லை. பெயிண்டில் வரைந்த கோலம் என்றால் இரண்டும் உண்டு, அழியாது, வேறெங்கும் அதே மாதிரி கிடையாது. ஆனால் அது ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டு வாசலில் இருக்கிறது. தனி வீட்டின் எல்லைக்குள் எதையும் வேஸ்பாட்டாக ஏற்பதில்லை, ஊர் தெரியாதவன் ஒருத்தன் உங்கள் வாசலில் ராத்திரி பத்து மணிக்குப் போனோடு நிற்கக் கூடாது என்பதால். அதே கோலத்தை ஒரு பொது மண்டபத்துத் தரையில் கல்லில் செதுக்கியிருந்தால்? அது தேறலாம்.

நாலும் கோலம், நாலும் கலை, ஆனால் மூன்று தேறாததற்கு மூன்று காரணம், ஒன்று மட்டும் தேறலாம். ஆக, கலையாக இருப்பது "சுற்றிப் பார்க்கத் தகுந்ததா" என்ற ஒரு கேள்விக்கு மட்டும்தான் உதவும். மற்ற கேள்விகள் அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

இங்கே சட்டம் பேசுகிறவர்களும் வருவார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஓர் ஓவியம் கலைத்தரம் உள்ளதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கலைப்படைப்பு என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்த அளவுகோலில் சைக்கிள் கடைக்காரர் தகரத்தில் வரைந்த டயர்கூடக் கலைப்படைப்புதான். வரைந்தவரின் உரிமையைக் காப்பாற்றுவதற்கான வரையறை அது. அதைக் கொண்டுவந்து ரிவியூவரிடம் நீட்டிப் பயனில்லை.

இடம் பற்றிய விலக்குகளில் இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்தில் அடிக்கடி இடறுவது இதில்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி வளாகம் முழுக்க விலக்கு. அரசுப் பள்ளிச் சுவர்களில் திருவள்ளுவரும் பாரதியாரும் எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான். திண்ணையில் மளிகை, உள்ளே குடும்பம் என்று இருக்கும் கடைகளும் இதே மாதிரி சிக்கல்தான். படம் கடைப் பக்கத்துச் சுவரில் இருப்பதாக நீங்கள் சொல்வீர்கள், ரிவியூவர் மேலிருந்து பார்த்தால் அது ஓட்டு வீடாகத்தான் தெரியும்.

## கடை வேறு, சுவரில் இருக்கும் படம் வேறு

"கடையை எடுக்க மாட்டாங்க" என்ற பேச்சுக்கு அடிப்படை உண்டு. சாதாரணமான ஒரு வியாபார நிறுவனம், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் சங்கிலிக் கடை, இவற்றில் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றால் அவை வேஸ்பாட் ஆகாது. போர்டு இருப்பதும் ஒரு சிறப்பு இல்லை. சொல்லப்போனால் நம் மாநிலத்தில் கடைக்குப் பெயர்ப்பலகை இருப்பதும் அது தமிழில் இருப்பதும் விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று மூன்று மொழியிலும் எழுதினால் எழுத்தின் அளவு 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்றுகூட வைத்திருக்கிறார்கள். விதிக்காக மாட்டிய பலகையை "வந்து பாருங்கள்" என்று யாரிடம் சொல்வது?

ஆனால் நாமினேட் செய்யும் பொருள் கடையாக இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே. சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது, அந்தச் சுவருக்குப் பின்னால் தற்செயலாக ஒரு கடை இருக்கிறது. அப்படியென்றால் வேஸ்பாட் அந்த ஓவியம். பெயரும் ஓவியத்துக்கு, வரைபடத்தில் குத்தும் புள்ளியும் ஓவியம் இருக்கும் சுவரில், விவரமும் ஓவியத்தைப் பற்றி. கடையின் பெயரைத் தலைப்பில் போட்ட அந்த நிமிடமே ரிவியூவர் அதைக் கடையாகத்தான் எடைபோடுவார்.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. போட்டோவை எடுத்துக்கொண்டு, கடைப் பெயர், போன் நம்பர், "மொத்தம் மற்றும் சில்லறை" எல்லாவற்றையும் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மிச்சம் என்ன இருக்கிறது?

இரண்டு சுவர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பாபநாசம் பக்கம் ரோட்டோரம் இருக்கக்கூடிய ஓர் உரக்கடையின் பக்கவாட்டுச் சுவர். நீளமான சுவர், அதில் முக்கால் பாகத்துக்கு நடவு வயல். எட்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள், கடைசிப் பெண் மட்டும் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் வாய்க்கால் மதகு, மதகில் ஒரு கொக்கு. வயல் தண்ணீரில் சேலை நிறங்கள் கலங்கலாகத் தெரிகிற மாதிரி ஈரத்திலேயே பிரஷ்ஷை இழுத்திருக்கிறார். வலது மூலையில் வரைந்தவரின் கையெழுத்து, கூடவே "ஆர்ட்ஸ்". கடைப் பெயர் மேலே ஒரு பட்டையில் இருக்கிறது. அதை மறைத்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. இதைத் தயங்காமல் அனுப்பலாம்.

இன்னொன்று, அதே ரோட்டில் அடுத்த சுவர். பச்சைப் பின்னணி, ஒரு பூச்சிமருந்து டப்பா, ஒரு நெற்கதிர், பெரிய எழுத்தில் மருந்தின் பெயர். இதுவும் கையால் வரைந்ததுதான். ஆனால் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு, வேனில் பெயிண்ட் டப்பாக்களோடு வந்த குழு, சுவர் சுவராக அடித்துக்கொண்டே போயிருக்கிறது. பெயரை மறைத்தால் டப்பாவும் கதிரும் மிஞ்சும். அடுத்த ஊரிலும் அதுதான் மிஞ்சும்.

## கையால் வரைந்தது என்பது மட்டும் போதாது

இதுதான் ரொம்பப் பேர் தடுக்கி விழும் இடம். பிரிண்ட் அடித்த ஃப்ளெக்ஸ் என்றால் வேண்டாம், பிரஷ் பட்டது என்றால் வேண்டும் என்று நினைக்கிறார்கள். விளையாட்டு தள்ளுவது மொத்தமாகத் தயாரித்த, எங்கும் கிடைக்கிற பொருளை. மெஷின் அடித்ததா கை அடித்ததா என்பது அதற்கு இரண்டாம்பட்சம். அதனால் நெடுஞ்சாலை நெடுகிலும் "கும்பகோணம் டிகிரி காபி" போர்டுகளில் ஆவி பறக்கும் டபரா செட் இருக்கிறதே, அதில் ஒன்றை யாரோ கையால் வரைந்திருந்தாலும் படம் அதே டபராதான். முடிதிருத்தகக் கண்ணாடியில் வரைந்த கத்தரிக்கோல், தையல் கடையின் கோட்டு சூட்டு, லாரி ஷெட்டின் டயர், இவையும் அப்படித்தான். அது அந்தத் தொழிலின் அடையாளம், படிக்கத் தெரியாதவருக்கும் என்ன கடை என்று புரிவதற்காக வரைந்தது.

குத்துவிளக்கு போர்டுக்கும் பெரும்பாலும் இதே பதில்தான், வரைந்தவர் அந்த விளக்கை வைத்து ஏதாவது செய்திருந்தால் ஒழிய. விளக்கைச் சுற்றி நாச்சியார்கோவில் பட்டறைக் காட்சி, வார்ப்பு ஊற்றுகிறவர், அரம் போடுகிற பையன் என்று விரித்திருந்தால் அது வேறு. அங்கே படம் கடையைப் பற்றிச் சொல்வதைத் தாண்டி ஊரைப் பற்றிச் சொல்கிறது.

சுருக்கமாக இந்தப் பகுதி: கையால் வரைந்தது என்பது தனித்துவத்துக்கு ஒரு சாட்சி, அதுவே தனித்துவம் இல்லை.

## எழுத்து மட்டும் இருந்தால்?

இதில் எனக்கே மனசு இரண்டாக இருக்கிறது, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் போர்டு ஆர்ட்டிஸ்ட்களின் உண்மையான திறமை படத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. தகரத்தில் பிரைமர் அடித்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூள் தடவிய நூலை இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். மேல்கோடு, கீழ்கோடு. அதற்குள் சாக்பீஸில் எழுத்துகளை இடம் பிரித்துக்கொள்வார்கள். "ஸ்ரீ" எவ்வளவு இடம் சாப்பிடும், கடைசியில் வரும் "ஸ்டோர்ஸ்" நெருக்காமல் நிற்குமா என்று கண்ணாலேயே அளப்பார்கள். அப்புறம் பட்டை பிரஷ்ஷில் எனாமல். முதலில் எழுத்தின் உடம்பு, காய்ந்த பிறகு ஒரு பக்கமாக ஷேடு, கடைசியில் மெல்லிய வெள்ளைக் கோடு. அந்த வெள்ளைக் கோடு விழுந்ததும் எழுத்து தகரத்திலிருந்து எழுந்து நிற்கும். "ழ"வின் வாலை எங்கே நிறுத்துகிறார் என்பதை வைத்தே இது இன்னார் கை என்று சொல்கிற ஆட்கள் கடைத்தெருவில் இருந்தார்கள். கணினி எழுத்தும் ஃப்ளெக்ஸும் வந்த பிறகு இந்த வேலை அருகிவிட்டது.

இது கலை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேஸ்பாட்டாகத் தேறுமா என்றால், எழுத்து மட்டும் உள்ள போர்டு பெரும்பாலும் தேறாது. தொலைவில் உட்கார்ந்திருக்கும் ரிவியூவருக்கு, அதிலும் தமிழ் தெரியாதவர் என்றால், அது ஒரு பெயர்ப்பலகை. அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

தேறக்கூடிய விதிவிலக்கு என்று நான் நினைப்பது பழைய, மங்கிப்போன சுவர் எழுத்துகளை. கடையே மூடிப் பல காலம் ஆகியிருக்கும், கட்டிடம் வேறு கைக்குப் போயிருக்கும், ஆனால் மாடிச் சுவரில் ஒரு பற்பொடி விளம்பரமோ துணிக்கடைப் பெயரோ நிறம் போய் நின்றுகொண்டிருக்கும். அதற்கு விற்க இப்போது எதுவும் இல்லை, அதனால் அது விளம்பரம் என்ற நிலையைத் தாண்டி ஊரின் பழைய காலத்துத் தடயம் ஆகிவிட்டது. இப்படிப்பட்டதை அனுப்பும்போது பழையது என்று வெறுமனே சொன்னால் போதாது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். எழுத்தே சில சமயம் காட்டிக்கொடுக்கும். "லை", "னை" போன்ற எழுத்துகளை யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்து எழுதும் பழைய வடிவம் 1978-இல் தமிழ்நாடு அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகு அச்சில் மறைந்துபோனது. சுவரில் "வெற்றிலை" என்ற சொல்லில் அந்தத் துதிக்கை இருந்தால் அது பழைய கை என்று ஊகிக்கலாம். ஊகம்தான், ஏனென்றால் பழைய ஆர்ட்டிஸ்ட்கள் கைப்பழக்கத்தில் அதற்குப் பிறகும் அப்படியே எழுதினார்கள். ஆனாலும் தமிழ் படிக்கத் தெரியாத ரிவியூவருக்குத் துணை விவரத்தில் (நாமினேஷனோடு ரிவியூவருக்காக எழுதும் குறிப்பு) இதை இரண்டு வரியில் சொன்னால் அவருக்குப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. போர்டு அழகாக இருக்கிறது, அதைவிட அந்தக் காபி கிளப்பில் காலை ஐந்து மணிக்கே ஊரே கூடுகிறது என்றால், போர்டை விட்டுவிட்டுக் கடையையே "கூடிப் பழகும் இடம்" என்ற வகையில் அனுப்புங்கள். சங்கிலிக் கடையாக இல்லாமல், அந்த ஊருக்கே உரிய, பேர் பெற்ற இடமாக இருந்தால் அதற்கு வாய்ப்பு உண்டு. போர்டு அங்கே வெறும் போட்டோவில் வரும் அழகு.

## எத்தனை நாள் நிற்கும்

நிலையானது என்றால் நூறு வருஷம் என்று பொருள் இல்லை. இன்றைக்கு இருந்து அடுத்த மாதம் போய்விடாமல் இருக்க வேண்டும், பண்டிகைக்காகவோ ஒரு நிகழ்ச்சிக்காகவோ வைத்ததாக இருக்கக் கூடாது. தகரத்தில் எனாமல் என்றால் வருஷக் கணக்கில் தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்புச் சுவரில் டிஸ்டெம்பர் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றிரண்டு பார்த்ததும் உரியத் தொடங்கும். நாகப்பட்டினம் பக்கம் கடற்காற்றில் சுவரே உப்புப் பூத்துப் படத்தைத் தள்ளிவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் உள்ள கடையா, தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் பிடித்துவைக்கும் சுவரா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்சிச் சின்னம் வரைந்த சுவரைச் சிலர் அனுப்புகிறார்கள், அது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதன் மேல் சுண்ணாம்பு ஏறிவிடும்.

மேல்பூச்சு என்பது நமக்குப் புதிதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுவரில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருந்ததை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு சொல்லும் வரை உலகத்துக்குத் தெரியாது. உரக்கடைச் சுவருக்கு அப்படி ஒரு கோவிந்தசாமி வரப்போவதில்லை.

ரிவியூவர் இதையெல்லாம் போட்டோவில் தெரியும் பெயிண்டின் நிலையை வைத்துத்தான் கணிப்பார். பாதி உரிந்த படத்தை அனுப்பிவிட்டு "நிலையானது" என்று எழுதினால் நம்ப மாட்டார். மேலே பாதியை ஒரு ஃப்ளெக்ஸ் மறைத்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

## அனுப்பும்போது

பிரதான போட்டோவில் ஓவியம் மட்டும் இருக்கட்டும். ஆள் முகம் தெரியக் கூடாது, வண்டி நம்பர் பிளேட்டும் தெரியக் கூடாது. நம் கடைத்தெருவில் ஸ்டாண்டு போட்ட பைக் இல்லாத சுவர் ஏது? கடை திறக்கும் முன், காலை ஆறு, ஆறரைக்குப் போனால் சுவர் காலியாக இருக்கும், எனாமலில் வெயில் பட்டுக் கண் கூசும் பிரச்சினையும் இருக்காது. மற்றவர் எடுத்த படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடக் கூடாது.

இரண்டாவது போட்டோ சுற்றுப்புறத்தைக் காட்டுவதற்கு. இதைப் பலர் ஏனோதானோ என்று எடுக்கிறார்கள், நம் பக்கத்துக்கு இதுதான் உயிர்நாடி. கூகுளின் தெருக்காட்சி வசதி 2022-இல் இந்தியாவில் தொடங்கியபோது பத்து நகரங்களில்தான் தொடங்கியது, அதில் டெல்டா ஊர் ஒன்றுகூட இல்லை. தெருக்காட்சி இல்லாத இடத்தில் அந்தச் சுவர் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று ரிவியூவர் தெரிந்துகொள்ள உங்கள் இரண்டாவது போட்டோவை விட்டால் வேறு வழி இல்லை. எதிர்ப்பக்கம் நின்று, சுவரும் தெருவும் நடப்பவர் நிற்க இடம் இருப்பதும் தெரிகிற மாதிரி எடுங்கள். பைபாஸ் ஓரத்தில் நிற்கவே இடம் இல்லாத சுவர் என்றால் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதுகாப்புக் கேள்வியில் போய்விடும்.

தலைப்பு "நாற்று நடும் பெண்கள் சுவரோவியம்" என்று இருக்கலாம், "முருகன் உரக்கடை" என்று இருக்கக் கூடாது. விவரத்தில் இப்படி எழுதலாம்: "டெல்டாவின் குறுவை நடவைக் காட்டும் கையால் வரைந்த சுவரோவியம். எட்டுப் பெண்கள் நாற்று நடும் காட்சியும் வாய்க்கால் மதகும் இதில் உள்ளன. ஓவியரின் கையெழுத்து வலது மூலையில் உள்ளது." கடை எத்தனை மணிக்குத் திறக்கும், என்ன தள்ளுபடி, போன் நம்பர் என்ன, இதெல்லாம் வேண்டாம். "எங்க ஊர்ல ஸ்டாப்பே இல்ல, தயவுசெய்து ஏத்துக்குங்க" என்று துணை விவரத்தில் கெஞ்சுவதும் வேண்டாம். ரிவியூவரின் முடிவை வளைக்கப் பார்ப்பதாக எடுத்துக்கொண்டு அதற்காகவே தள்ளுவார்கள்.

## ஏற்றுக்கொண்டும் கண்ணில் படவில்லை என்றால்

இது கும்பகோணத்துக்காரர்களுக்கு அடிக்கடி நடக்கும். மெயிலில் ஏற்றுக்கொண்டதாக வந்துவிட்டது, போக்கிமான் கோவைத் திறந்தால் ஒன்றும் இல்லை. காரணம் எளிது. விளையாட்டு உலக வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தைச் செல் என்கிறார்கள், ஒரு பக்கம் சுமார் 70, 80 மீட்டர் இருக்கும். ஒரு செல்லுக்குள் பொதுவாக ஒரு போக்கிஸ்டாப் அல்லது ஜிம்தான் காட்டும். கோயிலும் மண்டபமும் குளமும் நெருங்கிக் கிடக்கும் ஊரில் உங்கள் சுவர் விழும் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு கோபுரம் உட்கார்ந்திருக்கும். இன்கிரெஸில் கணக்கு வேறு என்பதால் அங்கே அது போர்ட்டலாகத் தெரியலாம். அந்த வகையில் பார்த்தால் சுவரோவியங்களைத் தேட நல்ல இடம் கோயில் வீதியைவிட, ஊருக்கு வெளியே கோபுரம் கண்ணுக்கெட்டாத ஆற்றங்கரை ரோடுகளும் கடைவீதி முடியும் முனைகளும்தான்.

## தள்ளிவிட்டால்

"தனித்துவம் இல்லை" என்றோ "வியாபார நிறுவனம்" என்றோ காரணம் வந்தால், முதலில் தலைப்பையும் போட்டோவையும் பாருங்கள். ஓவியத்தை அனுப்பினீர்களா, கடையை அனுப்பினீர்களா? போட்டோவில் ஷட்டரும் கல்லாவும்தான் பெரிதாகத் தெரிகிறது என்றால் அதைத் திருத்தித் திரும்ப அனுப்பலாம். ஓவியம் தெளிவாக இருந்தும் தள்ளியிருந்தால் மேல்முறையீடு செய்யும் வசதி உண்டு, அங்கே கோபத்தைக் காட்டாமல் எந்தக் கேள்விக்கு எது பதில் என்று மட்டும் எழுதுவது நல்லது. கம்பெனி விளம்பரச் சுவராக இருந்தால் எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும், நேரத்தை வேறு சுவரில் செலவழிக்கலாம்.

ஏற்றுக்கொண்ட பிறகு கடைக்காரர் சுவரை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. நடவு வயல் போய் அதே சுவரில் வேறு ஆர்ட்டிஸ்ட் கரகாட்டம் வரைந்துவிட்டார் என்றால், பழைய வேஸ்பாட்டின் பெயரையும் போட்டோவையும் மட்டும் மாற்றி ஒப்பேற்றப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் அது வேறு பொருள். பழையதை நீக்கக் கேட்டுவிட்டு, கரகாட்டத்தைப் புதிதாக அனுப்புங்கள்.